அலெக்சாண்டரின் புழுக்கை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்குக்கும் மிளகுக் கிடங்குக்கும் நடுவே, 'விலங்கு மனோபாவ ஆராய்ச்சி நிலையம்' என்று மூன்று மொழிகளில் பலகை மாட்டிய பழைய கட்டிடம் ஒன்று இருந்தது. மூன்று மொழியும் படிக்கத் தெரிந்தவர்கள் அதை எலி ஆபீஸ் என்றார்கள். ஒன்றும் படிக்கத் தெரியாத, மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகளும் எலி ஆபீஸ் என்றுதான் சொன்னார்கள். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் கல்வியால் பெரிய வித்தியாசம் ஏதும் உண்டாகவில்லை.

கோபத்துக்கும் பயத்துக்கும் என்ன உறவு என்று கண்டுபிடிப்பது நிலையத்தின் வேலை. மனிதர்களைக் கேட்டால் பொய் சொல்வார்கள் என்பதால் எலிகளைக் கேட்பது என்று அரசாங்கம் தீர்மானித்து, வெள்ளெலிகளை மதராஸிலிருந்து ரயிலில் வரவழைத்திருந்தது. அவை எர்ணாகுளத்தில் இறங்குவதற்குப் பதிலாக ஆலுவாவிலேயே இறக்கப்பட்டு, பார்சல் ஆபீசில் யார் கையெழுத்துப் போடுவது என்று அதிகாரிகள் தீர்மானிக்கும் வரை பட்டினி கிடந்து, பிறகு வந்து சேர்ந்தன. பஜாரில் ஏற்கெனவே எலிகளுக்குப் பஞ்சமில்லை. கிடங்கு எலிகள் பட்டப்பகலில் ஆராய்ச்சி அறைக்குள் வந்து வெள்ளெலிகளின் கோதுமையைத் தின்றுவிட்டுப் போகும். ஆனால் அவை டெண்டர் மூலம் வராததால் நிலையம் அவற்றை எலிகள் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

பயத்தை அளக்க ஒரு வெள்ளைத் தட்டு உண்டு. சாப்பிடும் தட்டு அல்ல. கட்டில் அகலத்துக்குப் பலகையடித்து, சுற்றிலும் விளிம்பு வைத்து, வெள்ளை பெயிண்ட் பூசியது. எலியை அதன் நடுவில் விட்டு மேலே பெரிய பல்பைப் போடுவார்கள். ஒளிய இடம் இல்லாத எலி பயந்தால் புழுக்கை போடும். புழுக்கையை எண்ணினால் பயம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். உலகம் முழுக்கப் படித்தவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள் என்பதால் நாம் சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

கோபத்தை அளப்பது இன்னும் சுலபம். ஒரு எலி குடியிருக்கும் கூட்டில் அந்நிய எலி ஒன்றை விடுவார்கள். எவ்வளவு சீக்கிரம் கடிக்கிறதோ அவ்வளவு கோபம். கடித்ததற்கு வாலில் சிவப்பு மை, கடிபட்டு மூலையில் ஒண்டியதற்கு நீல மை.

இயக்குநர் டாக்டர் வைத்தீஸ்வரன் பாலக்காட்டுக்காரர். பரிசோதனை தொடங்குவதற்கு முன்பே முடிவைக் கண்டுபிடித்து அச்சிட்டும் விட்டார். 'கோபம் இருக்கும் இடத்தில் பயம் இருக்காது' என்பது அவருடைய கோட்பாடு. அது நெருக்கடி நிலைக் காலம். டெல்லியில் அந்த வாக்கியம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. மற்றவர்களை அதட்டுகிறவர்களுக்குத் தாங்கள் தைரியசாலிகள் என்று விஞ்ஞானமே சொன்னால் கசக்குமா?

கசந்தது எலிகளுக்குத்தான். அவற்றில் ஒரு கடுவன் எலி மற்றவற்றைக் கண்ட மாத்திரத்தில் பாய்ந்து காதைக் கடித்துத் துண்டாக்கியது. இயக்குநர் மகிழ்ந்து அதற்கு அலெக்சாண்டர் என்று பெயர் வைத்து, வாலில் இரண்டு பூச்சு சிவப்பு மை போடச் சொன்னார். அந்த அலெக்சாண்டரைத் தட்டில் விட்டு விளக்கைப் போட்டால் வயிறு தரையில் ஒட்ட நடுங்கும். விளிம்போரமாகவே ஓடும். தட்டு முழுக்கப் புழுக்கையாக இறைக்கும். நீல வால் எலிகள் எல்லாம் சேர்ந்து போட்டதைவிட அதிகமாகப் போடும்.

வேறு ஊராக இருந்தால் கோட்பாட்டைத் திருத்தியிருப்பார்கள். இங்கே ஒரு சுற்றறிக்கை வந்தது. நீல வால் எலி போடும் புழுக்கை பயத்தால் வருவது என்றும், சிவப்பு வால் எலி போடும் புழுக்கை சாப்பாட்டால் வருவது என்றும் அதில் தெளிவாக்கியிருந்தார்கள். முந்தையதை எண்ண வேண்டும். பிந்தையதைப் பெருக்க வேண்டும்.

பெருக்கியவர்கள் இரண்டு பேர். முப்பிடாதி ஒருவன், தங்கப்பன் இன்னொருவன். முப்பிடாதியின் தகப்பனார் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து கொச்சி நகரசபையில் தோட்டி வேலை பார்த்து ஓய்ந்தவர். தங்கப்பனின் வீட்டில் மூன்று தலைமுறைக்கு முன் யாரோ தமிழ்நாட்டிலிருந்து வந்ததாகப் பேச்சு. அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்தென்றால் மலையாளம்தான். இருவரும் பள்ளுருத்தியிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவார்கள். ஒரே சாயாவை இரண்டாக ஆற்றிக் குடிப்பார்கள். இருவரும் தற்காலிக ஊழியர்கள்.

தற்காலிகம் என்பதில் நிலையம் மிகவும் கண்டிப்பு. தொடர்ந்து வேலை பார்த்தால் உரிமை வந்துவிடும் என்று பயந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களை ஒரு நாள் வேலையை விட்டு நீக்கி, மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். நீக்கிய நாளிலும் இருவரும் வந்து கூடு கழுவுவார்கள். எலிகளுக்கு அவர்கள் நீக்கப்பட்ட விவரம் தெரியாதல்லவா?

முப்பிடாதிக்கு நிரந்தரம் வேண்டும். வேறு எதைவிடவும் அது வேண்டும். நிலையத்தின் பின்பக்கம் நிரந்தர ஊழியருக்கென்று ஒரு அறை கட்டிப் பூட்டி வைத்திருந்தார்கள். முப்பிடாதியும் அவன் மனைவி அழகம்மாளும் இரண்டு பெண் குழந்தைகளும் அழகம்மாளின் அக்கா வீட்டுக் கொல்லையில், அடுக்களைச் சுவரில் சாய்த்த ஓலைச் சாய்ப்பில் இருந்தார்கள். மழைக்காலத்தில் குழந்தைகளை அக்கா வீட்டுக்குள் தூங்க விடுவார்கள். பெரியவர்களை விடமாட்டார்கள்.

"அந்த ரூமு சாவி எப்பத்தான் நம்ம கைக்கு வரும்?" என்று அழகம்மாள் கேட்பாள்.

"வரும்."

"எங்க அக்கா நேத்து ஒரு வார்த்தை சொல்லிட்டா. ஒங்க வீட்டுக்காரரு எலிக்கு வேலைக்காரராமேன்னு."

"எலிக்கு இல்லட்டீ, கவர்மெண்டுக்கு."

"எலிக்குன்னாலும் பரவாயில்ல. நிரந்தரமா இருந்தாச் சரி" என்று அவள் முடித்துவிடுவாள்.

நிலையத்தில் அதட்டல் ஒரு ஒழுங்கோடு நடக்கும். டெல்லியிலிருந்து டிரங்க் கால் போன் வந்தால் இயக்குநர் எழுந்து நின்றுகொண்டு பேசுவார். பேசி முடித்ததும் நேராகக் கழிப்பறைக்குப் போவார். திரும்பி வந்து சூப்பரண்டு பாஸ்கரக் குறுப்பைக் கூப்பிட்டு அதட்டுவார். குறுப்பு கழிப்பறைக்குப் போய்வந்து குமாஸ்தாவை அதட்டுவார். குமாஸ்தா போய்வந்து முப்பிடாதியையும் தங்கப்பனையும் அதட்டுவார். அந்த இரண்டு பேருக்குக் கீழே அதட்ட ஆள் இல்லை, கழிப்பறைச் சாவியும் இல்லை. ஆராய்ச்சி நிலையத்தில் அத்தனை பேர் பட்டம் வாங்கியிருந்தும் இந்தப் போக்குவரத்து யார் கண்ணிலும் படவில்லை. அவர்கள் எலிகளைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதட்டல் வாங்கினால் முப்பிடாதிக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது. தங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாடே, அய்யாசாமி கடையில சாயா குடிக்கலாம். சாரு பேடிச்சுப் பயந்து வந்து நம்மகிட்ட கத்துறாரு. வயித்தெளக்கத்துக்கு யாரு என்ன செய்ய?" என்பான். அய்யாசாமியின் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் முப்பிடாதிக்கு மூச்சு சீராகும்.

இப்படியிருக்க, டெல்லியிலிருந்து ஒரு குழு வருகிறது என்று செய்தி வந்தது. குழு வந்து கோட்பாட்டை நேரில் பார்க்கும். பார்த்துத் திருப்திப்பட்டால் நிலையத்துக்குப் புதுக் கட்டிடம், இயக்குநருக்குப் பதவி உயர்வு, கடைசியாக ஒரே ஒரு தற்காலிக ஊழியருக்கு நிரந்தரம்.

ஒரே ஒரு என்ற வார்த்தையைக் குறுப்பு இரண்டு முறை சொன்னார். முப்பிடாதியும் தங்கப்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அன்று சாயாக்கடையில் தங்கப்பன்தான் பேச்சை எடுத்தான்.

"ஒனக்குக் கிட்டுனா நல்லது முப்பிடாதி. எனக்கு மாயம்மாளு சம்பாத்தியம் இருக்கு." அவன் மனைவி மாயம்மாள் பக்கத்துக் கிடங்கில் சுக்கு பொறுக்கி, மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குக் கிட்டுனாலும் நல்லதுதான்டே" என்றான் முப்பிடாதி. சொல்லிவிட்டு அது பொய் என்று அவனுக்கே தெரிந்தது.

குழுவிடம் சுற்றறிக்கையைக் காட்ட முடியாது. உள்ளூரில் இருக்கும்வரைதான் சுற்றறிக்கைக்கு மதிப்பு. ஆகவே இயக்குநர் கூட்டம் போட்டார். அலெக்சாண்டருக்கு முந்தைய நாளிலிருந்து தீனி கிடையாது என்று முடிவாயிற்று. குழு முதலில் கடிப்பதைப் பார்க்கும். பிறகு இயக்குநரின் அறையில் பழம்பொரியும் சாயாவும் சாப்பிடும். அந்த நேரத்தில் அலெக்சாண்டரைத் தட்டில் விட்டு, அது போடுவதையெல்லாம் போட்டு முடித்தபின் பெருக்கித் துடைத்து வைக்க வேண்டும். குழு உள்ளே வரும்போது வெள்ளைத் தட்டில் சிவப்பு வால் வீரன் மட்டும் இருப்பான்.

"இது ஏமாற்று வேலை இல்லை" என்று இயக்குநர் விளக்கினார். "விருந்தாளி வரும்போது நாம் வீட்டைப் பெருக்குவதில்லையா? உண்மை என்பது ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டது. அதை மறைக்கிற குப்பையை எடுக்கிறோம். இதைக்கூடச் செய்யத் தைரியமில்லாதவர்கள் விஞ்ஞானத்துக்கு வந்திருக்கக் கூடாது."

குறுப்பு அதை மலையாளத்தில் சுருக்கினார். "ரெண்டாளும் நோக்கிக்கோ. தட்டில் ஒரு புழுக்கை கண்டால் ரெண்டின்றெயும் பணி போயி."

பெருக்குவது முப்பிடாதி, தண்ணீரும் துடைப்பதும் தங்கப்பன் என்று இருவரும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். முப்பிடாதி கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. பெருக்குகிறவன்தான் அதிகாரி கண்ணில் படுவான் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

குழு வந்தது. தலைவர் பருத்த மனிதர், வெள்ளைக் கால்சட்டை, பளபளக்கும் கறுப்பு ஷூ. கூட வந்தவர்கள் அவர் தலையசைத்தால் தலையசைத்தார்கள். அலெக்சாண்டரின் கூட்டில் நீல வால் எலி ஒன்றை விட்டதும் அது பாய்ந்து கழுத்தைக் கவ்வியது. தலைவர் கைதட்டினார். "என்ன கம்பீரம்!" என்றார். பட்டினி கிடந்த எலி என்ன செய்யும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இயக்குநர் அவர்களை அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். அலெக்சாண்டரைத் தட்டில் விட்டு விளக்கைப் போட்டான் தங்கப்பன். தீனி இல்லாவிட்டாலும் அந்த ஜீவன் எங்கிருந்தோ சேர்த்து வைத்திருந்தது. தட்டின் ஓரமாக ஓடி ஓடிப் போட்டது. பினாயில் கலந்த தண்ணீர் வாளியை எடுத்து வந்து தட்டுக்குக் கீழே வைத்தான் தங்கப்பன். "ஆச்சு, பெருக்கு" என்றான். முப்பிடாதி துடைப்பத்தை எடுத்தான்.

அப்போதுதான் வராந்தாவில் ஷூ சத்தம் கேட்டது. பழம்பொரி எண்ணெய்ப் பண்டம், தனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுத் தலைவர் எழுந்துவிட்டாராம். அவர் எழுந்தால் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? ஒரு வாய் கடித்த பழம்பொரியைத் தட்டில் வைத்துவிட்டு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

முப்பிடாதியின் கை ஓடவில்லை. ஷூ சத்தம் நெருங்க நெருங்க அவன் துடைப்பத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். "பெருக்குடே, பெருக்கு" என்று தங்கப்பன் மெல்லச் சொன்னது அவன் காதில் விழுந்தது. காதில் விழுந்தது கைக்குப் போய்ச் சேரவில்லை. தங்கப்பன் துடைப்பத்தைப் பிடுங்கப் பார்த்தான். முப்பிடாதி விடவில்லை. கதவு திறந்தது.

வெள்ளைத் தட்டு, பெரிய பல்பு, மூலையில் ஒண்டி நடுங்கும் அலெக்சாண்டர், சுற்றிலும் கறுப்புக் கறுப்பாக அது போட்டவை. தலைவர் குனிந்து பார்த்தார்.

"இது என்ன?" என்றார்.

இயக்குநரின் முகம் தட்டைவிட வெளுத்துவிட்டது. அவர் குறுப்பைப் பார்த்தார். குறுப்பு குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டதால் அவரைத் தாண்டிப் பார்வை இரண்டு தொழிலாளிகள் மேல் வந்து நின்றது.

"ஆராடா இது செய்தது?" என்று குறுப்பு கத்தினார். கத்திய குரல் நடுங்கியது.

முப்பிடாதிக்கு அந்தப் பூட்டிய அறை தெரிந்தது. அழகம்மாளின் அக்கா தெரிந்தாள். குழந்தைகள் தெரிந்தார்கள். அடுத்த கணம் தான் என்ன செய்தான் என்பதை அவன் பிற்பாடு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தான். தானாக நினைத்துச் செய்ததாக ஞாபகம் வரவில்லை. துடைப்பம் கீழே விழுந்தது. கை ஓங்கியது. தங்கப்பனின் கன்னத்தில் பளாரென்று விழுந்தது.

"இவந்தான் சார்! அது புழுக்கையில்ல சார், மிளகு! பக்கத்துக் கிடங்குல இவன் பெண்டாட்டி மிளகு எடுத்துக் குடுத்து விடுதா. இவன் மடியில கட்டிக்கிட்டு வந்து சிந்துதான். எத்தனையோ தடவ சொல்லிட்டேன் சார், திருட்டுப் பய!"

இன்னொரு அடியும் விழுந்தது. தங்கப்பன் கையை உயர்த்தவில்லை. குனிந்துகொண்டான்.

பிறகு இயக்குநருக்கு நிறம் திரும்பி வந்தது. "ஆமாம், மிளகு" என்றார். "மட்டாஞ்சேரி அல்லவா, எங்கு பார்த்தாலும் மிளகு."

"மிளகு உருண்டையாக அல்லவா இருக்கும்?" என்றார் தலைவர். அவர் முட்டாள் இல்லை. "இது நீளமாக இருக்கிறதே?"

இயக்குநர் குறுப்பைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு முழு உத்தரவு இருந்தது. பாஸ்கரக் குறுப்பு முப்பது வருஷம் அரசாங்கத்துக்கு உழைத்தவர். இன்னும் கொஞ்ச காலத்தில் ஓய்வு பெற வேண்டியவர். அவர் முன்னே வந்தார், குனிந்தார், தட்டிலிருந்து ஒன்றை விரல் நுனியில் எடுத்தார், வாயில் போட்டுக் கடித்தார்.

"குருமிளகு தன்னெ சார்" என்றார். கண்ணில் நீர் கோத்திருந்தது. "நல்ல எரிவுண்டு. வயநாடன் இனமாணு. அது கொஞ்சம் நீளும்."

தலைவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டெல்லியில் அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார், வெற்றிகரமான அறிக்கை வேண்டும் என்று அந்த ஒருவர் சொல்லியனுப்பியிருந்தார். "அப்படியா" என்றார் தலைவர். "வயநாட்டு மிளகு. குறித்துக்கொள்ளுங்கள்." கூட வந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

எல்லாருடைய கண்ணும் குறுப்பின் வாயில் இருந்த அந்த நேரத்தில்தான் முப்பிடாதிக்குத் தொடையில் சூடு தெரிந்தது. காக்கி அரைக்கால் சட்டை முன்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. சூடு முழங்காலைத் தாண்டிப் பாதத்துக்கு இறங்கியது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அடித்த கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், இத்தனை பெரிய மனிதர்களுக்கு நடுவில் நின்று சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தான்.

பார்த்தது ஒருவன்தான். அடி வாங்கிக் குனிந்து நின்றவனுக்குத் தரை தெரியும்.

"இங்கே முன்னால் வா" என்று தலைவர் முப்பிடாதியைக் கூப்பிட்டார். "ஒழுங்கு இல்லாத சகாவைத் தட்டிக் கேட்டிருக்கிறாய். இப்படிப்பட்டவர்கள்தான் நாட்டுக்கு வேண்டும்." எல்லாரும் முப்பிடாதியின் பக்கம் திரும்பினார்கள்.

தங்கப்பன் தட்டுக்கடியில் இருந்த வாளியை எடுத்தான். எடுத்த வேகத்தில் தடுக்கியவன்போல் சாய்ந்து, வாளித் தண்ணீர் முழுவதையும் முப்பிடாதியின் இடுப்பில் கொட்டினான். பினாயில் தண்ணீர் அவனை நனைத்து, தரையெல்லாம் ஓடி, தலைவரின் ஷூவுக்குள்ளும் புகுந்தது. அறை முழுக்க பினாயில் வாடை.

"எந்தாடா ஈ காணிக்குந்நது? இதென்ன வேலையா?" என்று குறுப்பு வாயைத் துடைத்துக்கொண்டே பாய்ந்து வந்தார்.

"கை தெற்றிப்போச்சு சாரே" என்றான் தங்கப்பன்.

தலைவர் ஒற்றைக் காலில் நின்று ஷூவைக் கழற்றினார். அவருக்கும் ஒரு எல்லை உண்டு. பொய்யைத் தாங்கிக்கொண்டார், நாற்றத்தைத் தாங்கிக்கொண்டார், ஈரக் காலுறையைத் தாங்க முடியவில்லை. "திருட்டு, கவனக்குறைவு, பழிவாங்கும் குணம்" என்று அவர் அடுக்கினார். அந்த இடத்திலேயே தங்கப்பனை நீக்கச் சொன்னார். மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் நீக்கம் இல்லை இது.

அதன்பின் இயக்குநர் ஒரு சிறிய உரை நிகழ்த்தினார். அது ஆங்கிலத்தில் இருந்தது. சாரம் இதுதான்: "மதிப்புக்குரியவர்களே, நாங்கள் எலியில் நிரூபிக்க நினைத்ததை இந்த எளிய ஊழியன் உங்கள் முன்னால் தன் உடம்பாலேயே நிரூபித்துவிட்டான். இவனைப் பாருங்கள். இத்தனை அதிகாரிகளுக்கு நடுவே கை ஓங்கினான். துளியாவது பயம் தெரிகிறதா? கோபம் இருக்கும் இடத்தில் பயம் இருக்காது. நான் என் வாழ்நாளில் எந்த மேலதிகாரிக்கும் பயந்ததில்லை. அதனால்தான் என்னால் இந்த உண்மையைக் கண்டுபிடிக்க முடிந்தது. இப்போது தலைவர் அனுமதித்தால், எனக்கு ஒரு நிமிடம் வெளியே போய்வர வேண்டியிருக்கிறது."

தலைவர் அனுமதித்தார். முப்பிடாதி சொட்டச் சொட்ட நின்று நடுங்கினான். தண்ணீர் குளிர்ந்திருக்கிறது பாவம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நிரந்தரம் அங்கேயே சிபாரிசு ஆயிற்று. தங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனதை முப்பிடாதி பார்த்தான். கூப்பிடத் தோன்றியது. தலைவர் அவன் முதுகில் தட்டிக்கொண்டிருந்ததால் கூப்பிடவில்லை.

அறைச் சாவி வந்தது. அழகம்மாள் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீளமான அந்த அறையில் குழந்தைகள் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஓடி ஓடி விளையாடினார்கள். கிடங்கு வாசலில் காவல்காரன் மாயம்மாளின் முறத்தையும் மடியையும் தினமும் உதறிப் பார்த்துத்தான் வெளியே விடுகிறான் என்று அய்யாசாமி கடையில் பேசிக்கொண்டார்கள். எலி ஆபீசில் ஒரு திருட்டு பிடிபட்ட பிறகுதான் இந்த ஏற்பாடாம். அதைக் கேட்டபின் முப்பிடாதி அய்யாசாமி கடைக்குப் போவதை நிறுத்தினான். புது அறையில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. கேவலம், கேவலம் என்று மனம் அடித்துக்கொண்டது. சோறு பிசைந்தால் கையில் இன்னும் அந்தக் கன்னம் இருப்பதுபோல் அருவருப்பாக இருந்தது.

ஒரு காலை, சொல்லிவிடுவது என்று தீர்மானித்து இயக்குநரின் கதவு வரை போனான். பெருக்க வேண்டியவன் நான்தான், மிளகு என்று சொன்னது பொய், மாயம்மாள் ஒரு மணிகூட எடுத்ததில்லை என்று மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். உள்ளே இயக்குநர் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து வரலாம் என்று திரும்பினான். அவன் மறுபடி அந்தக் கதவுக்குப் போகவில்லை.

தங்கப்பனைப் பார்த்தது படகுத்துறையில். அவன் ஒரு சரக்குப் படகிலிருந்து சாக்கு இறக்கிக்கொண்டிருந்தான். பழக்கமில்லாத சுமை, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முப்பிடாதியைப் பார்த்ததும் சாக்கை இறக்கி வைத்துவிட்டு வந்தான்.

"சுகந்தானா? பிள்ளைக ரூமுக்கு வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"நல்ல காத்தோட்டமா இருக்கும்லா?"

முப்பிடாதிக்கு மனப்பாடம் செய்த மூன்று வாக்கியத்தில் ஒன்றுகூட வரவில்லை. "எதுக்குடே அந்தத் தண்ணியக் கொட்டுன?" என்றான் கடைசியில்.

தங்கப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "பின்ன? பினாயில் மணம்னா வீட்டுல போயி என்னமாவது சொல்லிக்கிடலாம். மத்தத என்னன்னு சொல்லுவ, பொம்பளப் பிள்ளைக இருக்கிற எடத்துல?"

"நான் ஒன்ன அடிச்சேன். மாயம்மாளத் திருடின்னேன்."

"அவளுக்குத்தான் மனசுல கொஞ்சம் வெஷமம், வருத்தம். ஒன் பேரச் சொன்னா எந்திரிச்சுப் போயிருதா." தங்கப்பன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீ வீட்டுப்பக்கம் இப்ப வராண்டாம், கேட்டியா."

"நான் சாருகிட்டச் சொல்லிருதேன். சத்தியமாச் சொல்லிருதேன் தங்கப்பா."

"வெறுதே எதுக்கு? சொன்னா ஒனக்கும் போகும். எனக்கு வரவும் செய்யாது."

அவன் வெறுப்பில்லாமல்தான் சொன்னான். அதுதான் முப்பிடாதியால் தாங்க முடியவில்லை. ஒரு அடி கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான். மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வராமல், அவனுடைய தோளைத் தொடலாம் என்று கையைத் தூக்கினான்.

தங்கப்பனின் தலை சட்டென்று ஒரு பக்கமாக ஒடுங்கியது. கண் இறுக மூடிக்கொண்டது. முழங்கை முகத்தை மறைத்துக்கொண்டு உயர்ந்தது. ஒரு நொடிதான். அடுத்த நொடி அவனே வெட்கப்பட்டு, கையை இறக்கிவிட்டுச் சிரித்தான்.

"ஒண்ணுமில்லடே. என்னமோ தன்னப்போல அப்படி வந்துருது" என்றான். பிறகு சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

முப்பிடாதி படகுத்துறையிலேயே நின்றான். தூக்கிய கை இன்னும் அந்தரத்தில் இருந்தது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.